முதலில் இருமலை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதக்கணக்கில் விடாமல் வரும் இருமலுக்குப் புதிய மாத்திரைகள் தயாராகிவருவதாகத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘இருமலுக்கு இனி விடை’ என்பது தலைப்பு. தலைப்பு வைத்தவருக்கு நல்ல தொண்டை வாய்த்திருக்கிறது என்று நினைக்கிறேன். கட்டுரையில் மருந்தின் பெயர் இருந்தது, நிறுவனத்தின் பெயர் இருந்தது, சந்தை மதிப்பு கோடிகளில் இருந்தது. அதைச் சாப்பிட்டவர் முன்பைவிட எத்தனை முறை குறைவாக இருமினார் என்ற ஓர் எண் மட்டும் இல்லை. அந்த எண்ணைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது. வெட்டுவதானால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள், எண்களை விட்டுவையுங்கள்.

நான் மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இருந்து ஓய்வு பெற்றவன். திருச்சி, முசிறி, துறையூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் என் வட்டாரம். பையில் வேறு எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருமல் சிரப் இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்திலும் மார்கழிப் பனியிலும் மேலாளர் கூப்பிட்டால், வணக்கம் சொல்வதற்கு முன்பே சிரப் இலக்கு எவ்வளவு ஆயிற்று என்றுதான் கேட்பார். பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்ததும் அதற்கேற்பவே இருந்தது: ராஸ்பெரி வாசனை, சர்க்கரை சேர்க்காதது, அளவு மூடி இலவசம், குழந்தைகள் விரும்பிக் குடிப்பார்கள்.

துறையூரில் ஒரு முதிய டாக்டர் இருந்தார். நான் விளக்கப்பட அட்டையை விரித்து ஒப்பித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பார். பிறகு, “எல்லாம் சரி தம்பி, இதைக் குடித்தவன் எத்தனை இருமல் குறைவாக இருமினான்?” என்பார். அட்டையில் பூவும் சிரிக்கும் குழந்தையும்தான் இருந்தன. இதைக் கேட்டுத் தலைமையகத்துக்கு எழுதினேன். பதிலுக்குப் புதிய அட்டை வந்தது. அதில் குழந்தை இன்னும் பெரிதாகச் சிரித்தது.

அந்த டாக்டர் கேட்டது குதர்க்கமான கேள்வி அல்ல என்பது இன்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது. இருமல் மருந்தின் வரலாற்றைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அபினிலிருந்து கோடீன் பிரித்தெடுக்கப்பட்டது 1832இல். 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஹெராயினையே இருமல் மருந்தாக விற்றது. நம் சிரப்புகளில் பலவற்றுக்கு அடிப்படையான டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் அமெரிக்காவில் 1958இல் அனுமதி பெற்றது. அதற்குப் பிறகு மனிதன் நிலவுக்குப் போய்வந்தான், இதயத்தை மாற்றிப் பொருத்தினான். இருமலுக்கு மட்டும் அந்நாட்டில் புதிய வகை மருந்து வரவில்லை. பழைய மருந்தே போதுமானதாக இருந்தது என்பது இதற்குக் காரணம் அல்ல. போதுமானதா என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்த்தபோது என்ன ஆயிற்று தெரியுமா? இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டாக்டர் ஜாக்கி ஸ்மித்தின் குழு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் 21 பேருக்குக் கோடீன் கொடுத்து, உடம்பில் ஒலிவாங்கி பொருத்தி, இருமலைப் பதிவுசெய்து எண்ணியது. பிளாசிபோ என்று டாக்டர்கள் சொல்லும் வெற்று மருந்தைவிடக் கோடீன் கூடுதலாக எதையும் குறைக்கவில்லை. 2006இல் அந்த முடிவு வெளியானது. இருமலுக்கு இதுதான் ராஜ மருந்து என்று ஒன்றரை நூற்றாண்டாக எழுதிவந்த மருந்துச்சீட்டுகளின் கதி இது. நம் ஊரிலோ கோடீன் சிரப் இருமுகிறவர்களை விட்டுவிட்டுப் போதைக்காகக் கல்லூரி வாசல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்டாக்கிஸ்ட் கடைகளில் ஒரு சாதாரண மாதத்தில் எத்தனை பெட்டி நகர்ந்தது என்பதைப் பார்த்தவன் என்ற முறையில், அத்தனையும் நெஞ்சுச் சளிக்குப் போயிருக்க முடியாது என்று மட்டும் சொல்வேன்.

2023 ஜூனில் மத்திய அரசு 14 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தபோது, குளோர்பெனிரமைனும் கோடீனும் சேர்ந்த சிரப் அதில் இருந்தது. புரோம்ஹெக்சினும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் சேர்ந்த ஒன்றும் இருந்தது. முன்னது சளியை இளக்கி வெளியே கொண்டுவர. பின்னது அந்தச் சளியை வெளியேற்றும் இருமலையே அடக்க. ஒரே பாட்டிலில் ‘வா’வும் ‘போ’வும். இந்த அபத்தம் பல ஆண்டுகள் நம் மருந்துக்கடை அலமாரிகளில் நன்றாக விற்றது.

என் மனைவிக்குச் சில ஆண்டுகளாக இருமல். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கியது. காய்ச்சல் போய்விட்டது, இருமல் தங்கிவிட்டது. எட்டு வாரத்தைத் தாண்டினால் மருத்துவர்கள் அதை நாட்பட்ட இருமல் என்கிறார்கள். நம் நாட்டில் இரண்டு வாரம் இருமினாலே சளிப் பரிசோதனை செய்யவேண்டும் என்பது காசநோய்த் திட்டத்தின் விதி. அது மிகச் சரியான விதி. இந்தக் கடிதத்தைப் படிக்கிற யாராவது அப்படி இருமிக்கொண்டிருந்தால் மீதியைப் பிறகு படிக்கலாம், முதலில் போய்ச் சளியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். என் மனைவிக்குக் காசநோய் இல்லை. எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் எல்லாம் சுத்தம். ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். வயிற்று அமிலம் மேலே வருகிறதோ என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். இரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிட்ட ராமிப்ரில் மாத்திரையையும் மாற்றிப் பார்த்தார்கள். ‘ப்ரில்’ என்று முடியும் அந்த வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும் என்பது டாக்டர்களுக்குத் தெரியும், நோயாளிகளுக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட உடனே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள். என் மனைவிக்கு அதை மாற்றியும் பயனில்லை.

மிளகாய் தாளிக்கும் நெடி, ஊதுபத்திப் புகை, ஏ.சி. காற்று, தொலைபேசியில் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் பேசுவது, வாய்விட்டுச் சிரிப்பது என எதற்கும் இருமல் வரும். கொரோனாவுக்குப் பிறகு பஸ்ஸில் ஒருவர் இருமினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுகிறார். என் மனைவி கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கச்சேரிக்குப் போனால் கடைசி வரிசையில், கதவருகில். இருமும்போது சிறுநீர் கசிந்துவிடுவது இன்னொரு துன்பம். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “எழுதுங்கள். எத்தனை பெண்கள் இதைச் சொல்லாமலேயே வீட்டுக்குள் இருக்கிறார்களோ” என்றார். ஆய்வுகளில் வரும் நோயாளிகளைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் பெண்கள், பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள்.

இவர்களுக்கு நுரையீரலில் கோளாறு இல்லை. இருமலைத் தூண்டும் நரம்புதான் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டது. இங்கேதான் தங்கள் கட்டுரை சொன்ன புதிய மாத்திரைகள் வருகின்றன. அவற்றின் கதை உண்மையிலேயே சுவையானது, கட்டுரையில் ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை.

ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் என்று ஓர் அறிவியலாளர். உயிரணுவுக்குள் எரிபொருள்போல் பயன்படும் ஏ.டி.பி. என்ற பொருள், உயிரணுவுக்கு வெளியே நரம்புகளுக்குச் செய்தி சொல்லும் தூதராகவும் வேலை செய்கிறது என்று 1972இல் எழுதினார். நெடுங்காலம் சக ஆய்வாளர்கள் நம்பவில்லை, கிண்டல் செய்தவர்களும் உண்டு. 1990களில் அந்தத் தூதைப் பெற்றுக்கொள்ளும் வாயில்கள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. அவற்றில் பி2எக்ஸ்3 என்பது 1995இல் அடையாளம் காணப்பட்டது. மூச்சுக்குழாயின் உட்சுவர் புண்பட்டாலோ எரிச்சலடைந்தாலோ அங்குள்ள உயிரணுக்கள் ஏ.டி.பி.யைக் கசியவிடும்; அது நரம்பு நுனியில் உள்ள பி2எக்ஸ்3 வாயிலைத் தட்டும்; செய்தி மூளைத்தண்டுக்குப் போகும்; இருமல் வரும். அந்த வாயிலை அடைத்துவிட்டால்? முதலில் வலிக்காகத் தேடிய மருந்து, இந்த யோசனையால் இருமல் பக்கம் திரும்பியது. அதுதான் கெஃபாபிக்சன்ட். பர்ன்ஸ்டாக் 2020இல், தொண்ணூறு வயதைத் தாண்டி, மெல்போர்னில் காலமானார்.

இந்த மருந்தின் முதல் முக்கிய ஆய்வும் மான்செஸ்டரில்தான் நடந்தது. 24 நோயாளிகள். 2015இல் வெளியான முடிவின்படி, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் பகல்நேர இருமல் 75 விழுக்காடு குறைந்தது. இருமல் துறையில் அப்படி ஓர் எண்ணை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்த 24 பேருக்கும் நாக்கின் ருசி கெட்டுப்போனது. ஆறு பேர் அதைத் தாங்காமல் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ருசியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்புகளிலும் அந்த வாயிலின் நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது; மருந்து இரண்டையும் சேர்த்தே அடைத்துவிட்டது. இந்தப் பகுதியை என் மனைவிக்குப் படித்துக் காட்டி, ருசி போனால் பரவாயில்லையா என்று கேட்டேன். “இருமாமல் ஒரு நாள் இருக்க விடுங்கள், வத்தக்குழம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்றார். என்னை யாராவது கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன், ஆனால் இருமுவது நான் அல்ல.

2016இல் அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் இந்த மருந்தை வைத்திருந்த சிறு நிறுவனத்தையே விலைக்கு வாங்கி, ருசிக்காக அளவை வெகுவாகக் குறைத்து, இரண்டு பெரிய ஆய்வுகளை நடத்தியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள், பல நாடுகள், சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் இருமியவர்கள். 24 மணிநேரப் பதிவுக்கருவியை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெஞ்சில் ஓர் ஒலிவாங்கி, சட்டையில் ஓர் ஒலிவாங்கி. கணினி மௌனத்தை நீக்கிவிடும். மிஞ்சிய ஒலியைக் காதுகொடுத்துக் கேட்டு இருமலை ஆட்கள் எண்ணுவார்கள். துறையூர் டாக்டர் கேட்டாரே, அதே கேள்விக்கு உலகில் கிடைத்த நேர்மையான விடை இது.

விடை என்ன? முதல் ஆய்வில் மருந்து சாப்பிட்டவர்களின் இருமல், 12 வாரத்தில், மணிக்கு 18 என்பதிலிருந்து 7 ஆகக் குறைந்தது. அடேயப்பா என்று தோன்றும். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 23லிருந்து 10 ஆனது! இரண்டையும் ஒப்பிட்டு ஆய்வாளர்கள் போட்ட கணக்கின்படி, மருந்தின் தனிப் பங்கு 18.5 விழுக்காடு. இரண்டாவது ஆய்வில் அது 14.6. ருசி தொடர்பான தொல்லை முதல் ஆய்வில் நூற்றுக்கு 58 பேருக்கு, இரண்டாவதில் கிட்டத்தட்ட 69 பேருக்கு.

வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களின் அந்த 23லிருந்து 10ஐ வாசகர்கள் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மருந்தே இல்லாத மாத்திரையை, பத்தாண்டு இருமியவர் சாப்பிடுகிறார். பாதிக்கு மேல் குறைகிறது. கவனித்துக்கொள்ள ஆள் இருப்பதும், அடிக்கடி பரிசோதனைக்குப் போவதும், இம்முறை குறையும் என்ற நம்பிக்கையும், தானாக ஏறி இறங்கும் நோயின் இயல்பும் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். “அந்த சிரப் குடித்தேன் சார், கேட்டது” என்று முப்பது ஆண்டுகளாக மக்கள் சொல்லக் கேட்டவன் நான். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்டது சிரப்பாலா என்பதுதான் தெரியாது. ஒரே நிறம், ஒரே ருசியுள்ள வெறும் பாகை இன்னொருவருக்குக் கொடுத்து ஒப்பிடாதவரை அது தெரியப்போவதும் இல்லை.

இதே எண்களை வைத்துக்கொண்டு நாடுகள் வெவ்வேறு தீர்ப்பு எழுதின. ஜப்பான் 2022 ஜனவரியில் அனுமதித்தது, ஐரோப்பா 2023இல் அனுமதித்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இருமலை எண்ணிய முறை சரிதானா என்றே கேள்வி எழுப்பித் திருப்பி அனுப்பியது. 2023 நவம்பரில் அதன் ஆலோசனைக் குழுவில் 12 பேர் எதிர்த்தும் ஒருவர் ஆதரித்தும் வாக்களித்தார்கள். டிசம்பரில் மறுபடி நிராகரிப்பு. என்னைக் கேட்டால் இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வேறு எந்த மருந்துக்கும் கேட்காத நோயாளிக்கு 15 விழுக்காடும் பெரிது. ஆனால் விலையும் ருசியும் கொடுத்து வாங்குகிறவருக்கு அந்த 15 என்ற எண் தெரிந்திருக்கவேண்டும்.

இதே வாயிலைக் குறிவைத்த வேறு மருந்துகளில் பேயரின் எலியாபிக்சன்ட் 2022இல் கைவிடப்பட்டது. கனடாவின் ஒரு சிறு நிறுவனம் உருவாக்கிவந்த காம்லிபிக்சன்ட், ருசி நரம்பைப் பெரும்பாலும் தொடாமல் இருமல் நரம்பை மட்டும் குறிவைப்பது. நடுக்கட்ட ஆய்வில் வெற்று மாத்திரையைவிட 34 விழுக்காடு அதிகக் குறைவு, ருசித் தொல்லை நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. ஜிஎஸ்கே நிறுவனம் 2023இல் அந்தக் கனடா நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்கிப் பெரிய ஆய்வுகளுக்குக் கொண்டுசென்றது. நுரையீரல் நாராக இறுகும் நோயில் வரும் கொடிய இருமலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் கொடுத்துப் பிரிட்டனில் 44 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. விழித்திருக்கும் நேர இருமல் 39 விழுக்காடு குறைந்தது. மார்ஃபினுக்கே உரிய மலச்சிக்கலும் குமட்டலும் கூடவே வந்தன.

இன்னொரு சிறு கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. மிளகாயின் காரப்பொருளை மூச்சில் இழுக்கவைத்து இருமலைத் தூண்டிப் பார்ப்பது ஆய்வுக்கூடங்களில் வழக்கம். நம் அடுப்படியில் தினம் நடக்கிற சோதனைதான். காரத்தை உணரும் நரம்பு வாயிலை அடைக்கும் மருந்து ஒன்றை நாட்பட்ட இருமல்காரர்களுக்குக் கொடுத்தபோது, காரப்பொருளால் வரும் இருமல் குறைந்தது. வீட்டில் நாள் முழுக்க வரும் இருமலை எண்ணியபோது அது குறையவே இல்லை. ஆய்வுக்கூடத்தில் வென்ற மருந்து வீட்டில் தோற்றதை, எண்ணியதால்தான் கண்டுபிடித்தார்கள்.

மாத்திரை இல்லாத வழியும் எண்ணுக்குள் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2006இல், 87 நோயாளிகளிடம், பேச்சுப் பயிற்சியாளர்கள் தொண்டையைத் தளர்த்தும் பயிற்சி, இருமல் வருமுன் விழுங்குவது, மூக்கால் மெல்ல மூச்சு விடுவது ஆகியவற்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒப்பீட்டுக் குழுவைவிடத் தெளிவான பலன் கிடைத்தது. திருச்சியில் இதற்காக விசாரித்தபோது, பேச்சுப் பயிற்சி என்றால் பேச்சு வராத குழந்தைகளுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும்தானே என்று திருப்பிக் கேட்டார்கள். என் மனைவி படித்ததை வைத்துத் தானாகவே செய்கிறார். கொஞ்சம் பரவாயில்லை என்கிறார். நான் எண்ணவில்லை, ஆகவே அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

இனி நம் வீட்டுக் கதை. 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரான இருமல் சிரப்பைக் குடித்து, மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததாகச் செய்தி வந்ததே, அது யாருக்கும் மறந்திருக்காது. 0.1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு, தமிழ்நாட்டு அரசின் பரிசோதனையில் 48.6 விழுக்காடு இருந்தது. ஆலையின் உரிமம் ரத்தானது, கைதுகள் நடந்தன, ஆய்வாளர்கள் ஆலைகளுக்கு விரைந்தார்கள். எல்லாம் வேண்டியதே. ஆனால் பாட்டிலில் நஞ்சு இருந்ததா என்று எல்லோரும் கேட்டோம். அந்தப் பாட்டில் அந்தக் குழந்தைக்கு எதற்கு என்று கேட்டவர்கள் குறைவு. அதே மாதம் மத்திய சுகாதாரத் துறையே, இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதற்கில்லை என்று சுற்றறிக்கை விட்டது. தூய்மையான சிரப்பாக இருந்திருந்தால் குழந்தைகள் பிழைத்திருப்பார்கள். அப்போதும் அவர்களின் இருமல் அதனால் குறைந்திருக்கும் என்பதற்கு நம்மிடம் சான்று இல்லை. ஆகவே நஞ்சைச் சோதிக்கும் ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே பலனைச் சோதிக்கும் இடமும் வேண்டும் என்கிறேன்.

இதற்கு வெளிநாட்டுக்காரன் வரவேண்டியதில்லை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்ட ஏழை நோயாளிகளையும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்கவைத்து ஊட்டம் கொடுத்த நோயாளிகளையும் ஒப்பிட்டது. இரு சாராரும் ஏறக்குறைய ஒரேபோல் குணமடைந்தார்கள். 1959இல் வெளியான அந்த முடிவு உலகமெங்கும் காசநோய் மருத்துவத்தையே சானடோரியத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. நெரிசலான சென்னைத் தெருக்களில், கையில் சிறுநீர்ப் பரிசோதனைக் குப்பியோடு, நோயாளி உண்மையிலேயே மாத்திரை சாப்பிட்டாரா என்று வீட்டுக்கு வீடு போய்ப் பார்த்து உண்டாக்கிய அறிவு அது. எண்ணுவது நமக்குத் தெரியாத கலை அல்ல.

ஆடாதோடை மூலிகையையும் இதில் சேர்த்துச் சொல்லவேண்டும். ‘ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்’ என்பார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டு வேலியில் இருக்கிறது. அதில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் ஜெர்மன் நிறுவனம் ஒன்று 1960களில் புரோம்ஹெக்சினை உருவாக்கியது. அது உடம்பில் மாறி உண்டாகும் பொருளே ஆம்ப்ராக்சால். நான் மூட்டை மூட்டையாக விற்ற சளி சிரப்புகளின் பாட்டி நம் வேலிச் செடி. இதைச் சொல்லி மார்தட்டுகிறவர்களைக் கூட்டங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆடாதோடை மணப்பாகு என்ற சித்த மருந்தைக் குடித்தவர் எத்தனை இருமல் குறைவாக இருமினார் என்று கேட்டால் மட்டும் அவர்களும் என் பழைய அட்டைக் குழந்தைபோலச் சிரிக்கிறார்கள்.

தாம்பரம் சானடோரியத்தில் அரசு நெஞ்சக மருத்துவமனை இருக்கிறது. அதே சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து, காசநோயும் ஆஸ்துமாவும் இல்லையென்று உறுதிசெய்த நாட்பட்ட இருமல் நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரிக்கட்டும். ஒரு குழுவுக்கு ஆடாதோடை மணப்பாகு, ஒரு குழுவுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் சிரப், ஒரு குழுவுக்கு அதே நிறமும் கசப்பும் இனிப்பும் உள்ள வெறும் பாகு. கொடுக்கிறவருக்கும் தெரியக்கூடாது, குடிக்கிறவருக்கும் தெரியக்கூடாது. இருமலைக் கருவி எண்ணட்டும். இப்போது செல்பேசியே இரவும் பகலும் இருமலைக் கேட்டு எண்ணும் செயலிகள் வந்துவிட்டன, அவற்றை மனிதக் காதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டால் செலவு இன்னும் குறையும். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வாங்கும் சிரப்பின் தரத்தை ஆய்வகத்தில் சோதிக்கிறது. பலனுக்கான எண் இல்லாத சிரப்பை வாங்குவதில்லை என்றும் ஒரு நிபந்தனை போட்டால், எங்கள் பழைய தொழிலில் உள்ளவர்கள் மறுநாளே எண்ணத் தொடங்கிவிடுவார்கள். விற்பனை இலக்கு என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும்.

மணப்பாகு தோற்றால் சித்த மருத்துவர்கள் வருந்துவார்கள், சிரப் தோற்றால் கம்பெனிகள் வருந்தும், வெறும் பாகு இரண்டோடும் சமமாக வந்தால் எல்லோரும் வருந்துவார்கள். எந்த முடிவு வந்தாலும், காம்லிபிக்சன்டோ வேறொன்றோ நம் மருந்துக்கடைக்கு வந்து, ஒரு மாத்திரைக்குப் பெரும் விலை கேட்கும் நாளில், எதோடு ஒப்பிட்டு அதை வாங்குவது என்று நமக்குத் தெரிந்திருக்கும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புதிய இருமல் மருந்து பற்றி எழுதும்போது, சந்தை மதிப்பை விட்டுவிட்டு, எத்தனை நோயாளிகள், எத்தனை வாரம், வெற்று மாத்திரையைவிட எவ்வளவு குறைந்தது, எத்தனை பேர் பாதியில் நிறுத்தினார்கள் என்ற நான்கையும் போடுங்கள். ஒரு வரியில் அடங்கும். தாம்பரத்தில் நான் சொன்னதுபோல ஓர் ஆய்வு தொடங்குவதாகச் செய்தி கிடைத்தால் அதை முதல் பக்கத்தில் போடுங்கள். என் மனைவி பெயர் கொடுக்கத் தயாராக இருக்கிறார், வெறும் பாகுக் குழுவில் சேர்த்தாலும் சம்மதம் என்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மருந்து விற்பனைப் பிரதிநிதி,
உறையூர், திருச்சிராப்பள்ளி.